'காலங்காலமா இப்படித்தான்' என்பது உண்மையா?

எந்தக் கேள்வியையும் பாதியில் நிறுத்திவிடும் வல்லமை நம் ஊர்ப் பேச்சில் ஒரு சிறு வாக்கியத்துக்கு உண்டு. 'அது காலங்காலமா அப்படித்தான்' என்பதே அந்த வாக்கியம். இந்தத் தெருவுக்கு ஏன் தேர் வருவதில்லை? அது காலங்காலமா அப்படித்தான். வேலைக்கு வந்தவருக்கு ஏன் தனிக் குவளை? அது அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் ஏன் பெண் எடுப்பதில்லை? அப்படித்தான். கேட்டவர் வாயடைத்துப் போகிறார். பதில் சொன்னவரோ, 'நான் யாரையும் வெறுக்கவில்லை, ஊர் வழக்கத்தைத்தானே சொன்னேன்' என்ற நிம்மதியோடு நகர்ந்துவிடுகிறார்.

முற்சார்பு எண்ணம் என்றதும் வசைச் சொற்களும் கைகலப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை எப்போதாவது வெடிப்பவை. அன்றாடம் அந்த எண்ணத்துக்குச் சோறு போட்டு வளர்ப்பது, குரலை உயர்த்தாமல் சொல்லப்படும் இந்த வாக்கியமே. இதனோடு வழக்காடிய இரண்டு இசை முயற்சிகளை இன்று சிந்திப்போம். ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1986ம் ஆண்டு வெளியான ராக் பாடல். மற்றது, 2018ம் ஆண்டு சென்னையில் மேடையேறிய ஓர் இசைக்குழு. ராக் இசை என்றால் காதைப் பிளக்கும் சத்தம், அதற்கும் ஞாயிறு சிந்தனைக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். சத்தத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, சொற்களைக் கேட்போம்.

பட்டு உடுத்தியவரும் வரிசையில் நின்றவர்களும்

வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹார்ன்ஸ்பி என்ற இசைக்கலைஞர், தன் குழுவினரோடு 'தி வே இட் ஈஸ்' என்ற பாடலை வெளியிட்டார். 1986 டிசம்பரில் அது அந்நாட்டின் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. இனிமையான பியானோ இசையோடு தொடங்கும் அப்பாடலில் மூன்று காட்சிகள் உள்ளன.

முதல் காட்சியில், வேலையில்லாத ஏழைகள் அரசு உதவித்தொகைக்காக வரிசையில் நிற்கின்றனர். பட்டில் தைத்த ஆடை அணிந்த ஒருவர் அவ்வழியே விரைகிறார். அங்கு நிற்கும் ஏழைப் பெண்களைப் பார்த்து, போய் வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று வேடிக்கைக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாம் காட்சியில், மற்றவர்களைப்போல் உன் தோற்றம் இல்லை, எனவே அவர்கள் போகும் இடத்துக்கு நீ வரக்கூடாது என்று ஒரு சிறுவனிடம் சொல்லப்படுகிறது. இந்த விதியை உருவாக்குமுன் கொஞ்சமாவது யோசித்தீர்களா என்று பாடல் பெரியவர்களைக் கேட்கிறது.

மூன்றாம் காட்சி, 1964ம் ஆண்டின் சட்டம். அவ்வாண்டு ஜூலை 2ம் தேதி அரசுத்தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட குடிமை உரிமைகள் சட்டம், பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் நிறம், இனம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. சட்டம் ஓரளவுதான் செல்ல முடியும், ஆள் எடுக்கும் நேரத்தில் எதிரே இருப்பவரின் கண் நிறத்தையே பார்த்தால், அந்த மனத்தைச் சட்டம் எப்படி மாற்றும் என்பது பாடலின் ஆதங்கம்.

இந்தக் காட்சிகளுக்கு நடுவே வரும் பல்லவி, நாம் முதலில் கண்ட வாக்கியத்தின் அமெரிக்க வடிவம்தான். மாற்ற முடியாதவற்றை மாற்ற முடியாது என்று ஊரார் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. அதன் முடிவில் பாடகர் தன் சொந்தக் குரலில், அவர்களை நம்பிவிடாதே என்று எச்சரிக்கிறார். பியானோ இசையில் மயங்கி, பல்லவியை மட்டும் முணுமுணுப்பவர்களுக்கு இது விரக்திப் பாட்டாகத் தோன்றும். பாடலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் யார் சொல்கிறார் என்று கவனித்தால்தான் அதன் பொருள் விளங்கும். திருப்பாடல்களிலும், கடவுள் இல்லை என்று நினைக்கும் அறிவிலியின் பேச்சு இடம்பெறுகிறது. அதைத் திருப்பாடல் ஆசிரியரின் நம்பிக்கை என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. அதுபோலவே இந்தப் பாடலும், முற்சார்பு எண்ணத்தை அதன் சொந்தக் குரலிலேயே பேசவிட்டு, பிறகு அதை மறுக்கிறது.

இந்த மறுப்பு உடனே வென்றுவிடவில்லை. இதே பியானோ இசையை எடுத்துக்கொண்டு, கறுப்பின ராப் பாடகர் டூபாக் ஷகூர் பாடிய 'சேஞ்சஸ்' என்ற பாடல், அவர் கொல்லப்பட்டு இரு ஆண்டுகளுக்குப் பின், 1998ம் ஆண்டு வெளியானது. 1964ம் ஆண்டுச் சட்டத்திற்கு அப்போது 34 வயது. அதே வேதனைதான் அந்தப் பாடலிலும் ஒலித்தது.

நம் தறிகளில் நடந்தது

பட்டு ஆடை என்று கேட்டதும் காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு வேறொரு எண்ணமும் வருகிறது. அந்தப் பட்டை நெய்தது யார்?

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட, உடலும் கரையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வளர்கின்றன. உடுத்திக் கிழிந்தாலும் கரை தனியே பிரியாது என்பார்கள். இந்த வேலைக்கு நெசவாளர் ஒருவர் போதாது, கரையின் நாடாவைத் தள்ளித்தர இன்னும் இரண்டு கைகள் வேண்டும். நெடுங்காலம் அவை சிறுவர், சிறுமியரின் கைகளாக இருந்தன. 'பிஞ்சு விரலுக்குத்தான் பட்டு இழை வசப்படும், காலங்காலமா இப்படித்தான்' என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உண்மையான காரணம், பல வீடுகளில், பெற்றோர் வாங்கிய முன்பணம். அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை தறியைவிட்டு நகர முடியாது.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986ம் ஆண்டு வந்தது. அமெரிக்காவில் அந்தப் பாடல் ஒலித்த அதே ஆண்டு. ஆனால், குடும்பத்தார் துணையோடு வீட்டிலேயே நடக்கும் தொழிற்கூடங்களுக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. தறிகளோ வீடுகளுக்குள்தான் இருந்தன. 2003ம் ஆண்டு சனவரியில், மனித உரிமைகள் கண்காணிப்பு அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாய் இருந்த குழந்தைகளைக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு நம் காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் தலித் மக்களின் பிள்ளைகள், இஸ்லாமியரின் பிள்ளைகள் என்று அவ்வறிக்கை கூறியது. யார் பிள்ளை தறியில் இருக்கலாம், யார் பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும் என்பதையும் 'காலங்காலமா' என்ற சொல்தான் முடிவுசெய்துகொண்டிருந்தது.

நிலைமை மாறத் தொடங்கியது எப்படி? அதிகாரிகள் தறி வீடுகளுக்குள் சென்று பார்த்தனர். தொண்டு நிறுவனத்தார் பெற்றோரிடம் மீண்டும் மீண்டும் பேசினர். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், தறியை விட்டுவந்த பிள்ளைகளுக்கு விடுபட்ட பாடங்களைக் கற்பித்து, வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பின. 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியை உரிமையாக்கியது. கணவனும் மனைவியுமாய் அமர்ந்து கோர்வை நெய்யும் வீடுகளை இன்று நாம் காண்கிறோம். பட்டு இழை பெரியவர்களின் விரலுக்கும் வசப்படத்தான் செய்கிறது. பிஞ்சு விரல் வேண்டும் என்பது தொழிலின் தேவையாய் இருந்ததில்லை என்பதற்கு அந்தத் தறிகளே சாட்சி.

இந்த ஊரில் மறுத்தவர்கள்

'காலங்காலமா' என்ற சொல் வரலாற்றின்படியும் உண்மையன்று. ஏனெனில் ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அதை மறுத்திருக்கிறார். நம் காஞ்சியிலேயே அதற்குச் சான்று உண்டு. வரதராசப் பெருமாள் கோவிலில் திருத்தொண்டு செய்துவந்த திருக்கச்சி நம்பியை, இராமானுசர் தன் வீட்டில் உணவருந்த அழைத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பி வந்து உண்டுவிட்டுப் போனார். நம்பி தங்களைவிடத் தாழ்ந்த குலத்தவர் என்று எண்ணிய இராமானுசரின் மனைவி, அவர் அமர்ந்த இடத்தைக் கழுவித் தூய்மை செய்தார். திரும்பிவந்து அதை அறிந்த இராமானுசர் மிகவும் மனம் வருந்தினார். அந்த அம்மையார் யாரையும் வையவில்லை. வழக்கப்படி நடந்துகொண்டார், அவ்வளவுதான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, வழக்கம் என்பது போதுமான பதில் அல்ல என்று இந்த ஊரில் ஒருவர் உணர்ந்தார்.

1925ம் ஆண்டு நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், எல்லாச் சமூகத்தாருக்கும் அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவர முயன்றார் பெரியார் ஈ.வெ.ரா. அதற்கு இசைவு கிடைக்காததால் அவர் மாநாட்டைவிட்டு வெளியேறினார். இந்த இருவரின் பாதைகளும் முற்றிலும் வேறானவை. 'அப்படித்தான்' என்ற பதிலை ஏற்க மறுத்ததில் மட்டும் ஒன்றுபடுகின்றனர்.

பறையும் கிட்டாரும் ஒரே மேடையில்

2018ம் ஆண்டு சனவரி 6ம் தேதி, மார்கழி மாதத்தில், சென்னையின் அரங்குகளில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த நாள்களில், கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு அன்று முதன்முறையாக மேடையேறியது. சாதியற்றவர்களின் கூட்டு என்பது அப்பெயரின் பொருள். 19ம் நூற்றாண்டின் இறுதியில் அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களை இழிவான பெயர்களால் அழைக்காமல் சாதிபேதமற்றவர்கள் என்று அழைக்கவேண்டும் என வாதாடினார். அந்தச் சிந்தனையிலிருந்தே குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது.

அந்த மேடையில் ராக் கிட்டாரும் டிரம்சும் இருந்தன. அவற்றோடு பறையும் வடசென்னையின் கானாவும் ராப்பும் இருந்தன. இந்தக் கலவையே ஒரு செய்தி. கானா என்றால் சாவு வீட்டுப் பாட்டு, பறை என்றால் தீட்டு என்று சொல்லி, இசையிலும் மேல், கீழ் பார்த்த சமூகம் நம்முடையது. பறை என்ற சொல்லுக்கே 'சொல்' என்று பொருள். அரசனின் ஆணையையும் ஊரின் செய்தியையும் அறிவித்த கருவி அது. சாவுக்கும் செத்த மாட்டின் தோலுக்கும் முடிச்சுப்போட்டு, அதை அடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டோம். பறையடித்தவர் நடு மேடையில் நிற்கும்போது, பாடல் தொடங்கும் முன்னரே ஒரு 'காலங்காலமா' உடைகிறது.

அவர்களது பாடல்கள் முற்சார்பு எண்ணங்களை மறைக்காமல் பேசுகின்றன. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று ஏளனம் செய்வோருக்கு, அது ஏன் தேவைப்பட்டது என்று ஒரு பாடல் விளக்குகிறது. உண்ணும் உணவை வைத்து மனிதரை அளப்பதை இன்னொன்று கேலி செய்கிறது. அண்ணல் அம்பேத்கரை ஒரு பாடல் வாழ்த்துகிறது. இழிவைச் சொல்லும் பாடல்களாக இருந்தும் அவை ஒப்பாரியாக ஒலிப்பதில்லை. ஆடவைக்கும் தாளத்தில், சிரிப்போடு வருகின்றன. தன் மாண்பில் ஐயமில்லாதவருக்கே அப்படிச் சிரிக்க முடியும். அந்த மகிழ்ச்சியில்தான் மாற்றத்தின் மீதான நம்பிக்கை குடியிருக்கிறது. ஆண்களே பாடிவந்த கானாவை அந்த மேடையில் பாடிய இசைவாணி, 2020ம் ஆண்டு பிபிசி நிறுவனம் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அக்குழுவில் பாடிய அறிவு, காஞ்சியிலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் சென்றடையும் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2021ம் ஆண்டு மார்ச் மாதம், பாடகி தீயுடன் இணைந்து அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்வு அப்பாடலின் ஊற்று. 'சாமி' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வயலில் கூலியாள் கைகட்டிநின்று பண்ணையாரை 'சாமி' என்று அழைத்தார். அதே சொல்லால் நம் பாட்டிமார் பேரப்பிள்ளையை 'எஞ்சாமி' என்று கொஞ்சினர். அச்சத்தில் பிறந்த சொல்லையும் அன்பின் சொல்லாக்கிக்கொள்ள எளிய மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பொன்மோதிரம் அணிந்தவருக்கு எந்த இடம்?

அன்பு நெஞ்சங்களே, இந்தப் பாடல்கள் கேட்கும் கேள்வி நம் ஆலய வாசலிலும் நிற்கிறது. யாக்கோபு தன் திருமுகத்தின் 2ம் பிரிவில் வரையும் காட்சியை நாம் அறிவோம். தொழுகைக்கூடத்துக்குப் பொன்மோதிரமும் பளபளப்பான ஆடையும் அணிந்த ஒருவர் வருகிறார், அழுக்கான உடையோடு ஓர் ஏழையும் வருகிறார். ஒருவருக்கு நல்ல இருக்கை, மற்றவருக்குக் கால்மாட்டில் இடம். ஹார்ன்ஸ்பியின் பாடலில் வரும் பட்டாடைக்காரருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அழுக்கு உடுத்தியவரை அடித்துத் துரத்தியதாக யாக்கோபு எழுதவில்லை. உட்காரும் இடத்தில் பாகுபாடு காட்டியதையே அவர் தீமை என்கிறார்.

2003ம் ஆண்டு நவம்பர் 17ம் தேதி, உரோமைக்குச் சென்றிருந்த தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும்கூட, அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான சாட்சி என்று எச்சரித்தார். 2016ம் ஆண்டு டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2022ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும், தேர் செல்லும் வழிக்காகச் சண்டையிட்ட பங்குகளும் உள்ள இத்தமிழகத்தில், இந்த அடிகள் ஒவ்வொன்றும் தேவையானவை.

நாட்டின் சட்டத்திலும் ஒரு கதவு இன்னும் திறக்கவில்லை. 1950ம் ஆண்டு வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956ம் ஆண்டு சீக்கியர்களும், 1990ம் ஆண்டு பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களும் தலித் இஸ்லாமியரும் இன்னும் காத்திருக்கின்றனர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ம் நாளை நம் திருஅவை கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதற்காகவே. நாட்டிடம் நீதி கேட்கும் நாம், அதே நீதியை நம் பங்குகளுக்குள்ளும் வழங்கினால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலு உண்டு.

பறையை மீட்டெடுத்த பணியிலும் திருஅவைக்குப் பங்குண்டு. திண்டுக்கல்லில் அருள்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்தனர். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தென்னிந்தியத் திருச்சபை அருள்பணியாளர் தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்று அன்போடு அழைக்கப்பட்டவர். கிராமத்து மெட்டுகளில் வழிபாட்டையே இசையாக்கினார். கீழ்ப்பாக்கத்து மேடைக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய பணிகள் இவை.

நம் கையில் இருப்பது

சட்டம் ஓரளவுதான் செல்லும் என்றால், மீதித் தூரத்தை யார் நடப்பது? யோவான் நற்செய்தியின் முதல் பிரிவில், இயேசுவின் ஊர் நாசரேத்து என்று கேட்டதும், அங்கிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமா என்று நத்தனியேல் ஐயப்படுகிறார். ஊர்ப் பெயரை வைத்தே ஓர் ஆளை எடைபோட்டுவிட்டார். 'உங்களுக்கு எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?' என்று நாம் நயமாகக் கேட்டு, சாதியைத் தெரிந்துகொள்வதும் இதுதானே! பிலிப்பு அவரோடு வாதிடவில்லை, நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் எழுந்து சென்றார். அவருடைய எண்ணம் மாறியது அந்தச் சந்திப்பில்தான்.

எனவே, இந்த வாரம் யாராவது 'அது காலங்காலமா அப்படித்தான்' என்று சொல்லும்போது, கோபப்படாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். எப்போதிலிருந்து? யார் சொன்னது? இதனால் யாருக்கு வலிக்கிறது? வீடு வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் தெருப் பெயரை விசாரிக்காமல் விடுவோம். நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நாம் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் தருவோம். பங்குத் திருவிழாவின் தேர் எல்லாத் தெருக்களுக்கும் செல்கிறதா, பாடற்குழுவிலும் பங்குப்பேரவையிலும் எல்லாத் தெருக்களின் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று பார்ப்போம். நம் பிள்ளைகள் கேட்கும் 'ஏன்?' என்ற கேள்விக்கு, 'அப்படித்தான்' என்று பதில் சொல்லாதிருப்போம்.

வெவ்வேறு நிறத்தில் இருந்தும், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிரியாமல் நிற்கும் உடலும் கரையும்போல, நம் தெருக்களையும் நம் உள்ளங்களையும் இணைக்கும் அருளை இறைவன் நமக்கு வழங்க மன்றாடுவோம்.